போகும்போது கனம், வரும்போது லேசு

1978 நவம்பர் 6, திங்கள்

மழை. விடியுமுன் பிடித்தது, சாயங்காலம் வரை விடவில்லை. கொல்லைக் கதவு உப்பிப்போய் மூட மறுக்கிறது. இருப்பது ஒரு பனியன், அதுவும் காயவில்லை.

ஓடவில்லை. நேற்றும் இல்லை. தை பிறந்ததும் பாண்டியில் போலீஸ் செலக்‌ஷன். போன முறை ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் உட்கார்ந்துவிட்டேன். தாண்டிப் போனவன் சிரித்துக்கொண்டே போனான். இதை விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு ஆயுள் முழுக்க மாமாவின் அரிசி மண்டியில் மூட்டைக் கணக்கு. இதெல்லாம் தெரிந்தும் படுத்துக்கிடந்தேன். உடம்பா இது, ஊறின சாக்கு.

எதிர்வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். எங்கள் ஊர் போலகமே அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடும். வாசலில் நின்று சொன்னார்: "மழையில ஓடுறவன் ரெண்டே பேருதான் தம்பி. ஒருத்தன் திருடன், இன்னொருத்தன் அவனைத் தொரத்துற போலீஸு. நீ ரெண்டுமில்லையே. போத்திக்கிட்டுப் படு."

நவம்பர் 9, வியாழன்

கலியமூர்த்தி வந்தான் (இனி க.). எட்டாவதில் என் பெஞ்சு. இப்போது பக்கத்துப் பட்டினத்தில் வாடகை சைக்கிள் கடை.

"நாளைலேருந்து நான் வந்து எழுப்புறேன். ரெண்டு சைக்கிள் கொண்டாறேன். நாகூர் வரைக்கும் மிதிப்போம், கடற்கரையில ஓடுவோம், திரும்பிடுவோம்."

வாடகை என்று இழுத்தேன்.

"ஒங்கிட்ட வாங்குனா வெளங்குமாடா?"

அவனுக்கும் தொப்பை விழுகிறதாம். விழுந்த மாதிரி தெரியவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

மழை. ஒரு நாளும் தவறவில்லை. இருட்டில் வாசலில் சைக்கிள் மணி அடிக்கிறது, எழுந்துவிடுகிறேன். அம்மா: "இந்த மழைக்குப் பேய்கூட எந்திரிக்காதுடா."

வாஞ்சூர் செக்போஸ்டில் இன்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் தமிழ்நாடு, மதுவிலக்கு. இந்தப் பக்கம் எங்கள் பாண்டி எல்லை, திரும்பின இடமெல்லாம் சாராயக்கடை. கொட்டுகிற மழையில் ஒருவன் சும்மா சைக்கிள் மிதிக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? பையை உதறினார்கள். துண்டு, வெல்லக்கட்டி.

க. தான் பேசினான். "இவன் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போறாங்க. அதுக்குத்தான் இந்த ஓட்டம்."

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம ஆளா? போ, போ. நல்லா ஓடு."

என்னைப் பற்றிப் பெருமையாகப் பேச ஊரில் ஓர் ஆள் இருக்கிறான். எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது.

நவம்பர் 21, செவ்வாய்

முழங்காலுக்குக் கீழே வலி. செருப்பு வார் அறுந்தது. சோப்பு வாங்க வேண்டும். அக்கா கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

நாகூரில் சைக்கிளை ஒரு பஞ்சர் கடையில் விட்டுவிட்டு ஓடுகிறோம். க.வுக்குத் தெரிந்த கடை. நாங்கள் திரும்புவதற்குள் காற்றடித்துத் துடைத்து வைத்திருப்பார்கள். ராஜ உபசாரம்.

ஓர் அதிசயம். போகும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளுகிறது, ஆனாலும் பாலம் ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. வரும்போது அதே காற்று முகத்தில், எதிர்க்காற்று. ஆனால் சைக்கிள் பறக்கிறது. க.விடம் சொன்னேன். "ஒடம்பு ஏறுதுடா" என்றான். ஏறத்தான் செய்கிறது போல.

டிசம்பர் 2, சனி

காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ. வயலும் ரோடும் ஒரே தண்ணீர். இன்று வேண்டாம் என்றேன்.

"இன்னைக்குப் படுத்தா நாளைக்கும் படுப்ப. எந்திரி" என்றான் க.

கூடத்தில் அப்பா குப்புற. நேற்றுக் குடித்தது இன்னும் மணக்கிறது. அந்த வாசனைக்கு மழை எவ்வளவோ மேல் என்று கிளம்பிவிட்டேன். செக்போஸ்டில் இப்போது நிறுத்துவதே இல்லை. ஏட்டு, "வாங்க ஆபீசர்" என்று கையாட்டுகிறார். கேலிதான். இருந்தாலும் நாகூர் வரை நிமிர்ந்து மிதித்தேன்.

டிசம்பர் 11, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

கீழவாஞ்சூரில், செக்போஸ்டுக்குச் சற்று முன்னால், என் பின் சக்கரத்தில் கருவேல முள். இறங்கிப் பிடுங்கினேன். காற்று வரவில்லை. முகத்தில் தண்ணீர் பீய்ச்சியது. தண்ணீர் இல்லை. அப்பாவின் வாசனை.

முன்னால் போன க. திரும்பி வந்தான். என்னைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்தான்.

"முன் சக்கரத்துலயும் இருக்கா?" என்று கேட்டேன்.

"ம்."

"ஒன் சைக்கிள்ல?"

"என்னைத்தான் சோதிப்பாங்க. என் வண்டியில வெறும் காத்துதான். ஒன்னை யாரு கேக்கப்போறா?"

ஆக, சாராயம் போகும்போது கனம். பஞ்சர் கடைக்காரன் அதை வடித்துக் காற்றடித்ததும் லேசு. உடம்பும் ஏறவில்லை, மண்ணும் ஏறவில்லை. போலீஸாகப் போகிறவன், தினமும் போலீஸுக்கே கையாட்டிவிட்டுச் சாராயம் கடத்தியிருக்கிறேன். ஊரில் இதற்கு என்னை விட்டால் வேறு முட்டாள் கிடைக்கவில்லை.

கையை ஓங்கினேன். அவன் நகரவில்லை.

"அடி. ஆனா ஒண்ணு சொல்லிட்டு அடி. நான் வந்து மணி அடிக்கலேன்னா நீ எந்திரிச்சிருப்பியா?"

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வந்தேன். வாசனை போகட்டும் என்று வழியெல்லாம் முகத்தைத் தேய்த்தேன். வீடு வந்துவிட்டது.

டிசம்பர் 14, வியாழன்

மழை. தனியாக ஓடக் கிளம்பினேன். மண்டி வரைதான் போக முடிந்தது. மாமா கதவைத் திறந்துகொண்டிருந்தார். "நனையாத, உள்ள வா. வந்ததுதான் வந்த, இந்த மூட்டைய எண்ணு."

எண்ணினேன்.

டிசம்பர் 16, சனி

ஓடவில்லை. முழிப்பு மட்டும் தப்பாமல் வருகிறது, மணி அடிக்கிற நேரத்துக்கு. கூரைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் எல்லாம் மணி மாதிரியே கேட்கிறது. அவனை வெறுக்கிறேன். காதைத் தீட்டிக்கொண்டும் படுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

சோப்பு இன்னும் வாங்கவில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

மழை. வாடை பலம். இருட்டில் மணி.

எழக்கூடாது என்று கிடந்தேன். மறுபடி அடித்தது. கதவைத் திறந்தேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு க. நின்றான், பக்கத்தில் இரண்டு சைக்கிள்.

"சத்தியமா வெறும் காத்துதான்டா. சந்தேகமா இருந்தா தூக்கிப் பாரு."

தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். தூக்கிப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

செக்போஸ்டில் ஏட்டு கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

போகும்போது பாலத்தில் கொஞ்சம் கனத்தது. எதிர்க்காற்று.