லண்டனிலிருந்து பதினோரு மணி நேரம்

என் அருமைச் செல்லம்மா,

எழுதுவது நானேதான். கைநாட்டு வைத்துவிட்டு மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வேனே, அதே ஆள். நம் விக்கிரமங்கலம் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவே இல்லை. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையெல்லாம் சத்தமாகப் படிக்கிறேன். கண்டக்டருக்குத்தான் எரிச்சல்.

போன வாரம் டீச்சரம்மா ஒரு விளையாட்டு வைத்தாள். ஆளுக்கொரு ஊர் சொன்னால், அவள் போனில் தூரமும் நேரமும் பார்த்துப் பலகையில் எழுதுவாள். சொன்னவர் படிக்க வேண்டும். எல்லாரும் பழனி, திருப்பதி என்றார்கள். நான் நம் மகன் இருக்கும் லண்டன் என்றேன்.

"மாமா, லண்டனுக்கு டவுன் பஸ் கெடையாது" என்றாள் கீழத்தெரு பட்டம்மா. ஒரே சிரிப்பு.

எழுத்தெழுத்தாய்ப் படித்தேன். சென்னை, லண்டன், எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் பதினோரு மணி நேரம். தப்பில்லாமல் படித்தேன், செல்லம்மா. எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டல் நின்ற பிறகுதான் என்ன படித்தேன் என்று புரிந்தது.

"நாள் கணக்குல ஆகாதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கய்யா. நேரா பிளைட்டே இருக்கு. ராத்திரி ஏறுனா விடிஞ்சு எறங்கிடலாம்" என்றாள் டீச்சரம்மா.

நீ பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நம் மகன் போனில் என்ன சொன்னான்? "நேரா பிளைட் இல்லப்பா. மூணு எடத்துல எறங்கி ஏறணும், மூணு நாள் ஆயிடும்." தினமும் அதையேதான் சொன்னான். எட்டு நாள் கிடந்தாய். கடைசியில் நீயே, "மூணு நாளு காலை மடக்கிக் குந்தியிருந்தா புள்ளைக்குக் கால் வீங்கிடுங்க. வர வேணாம்னு சொல்லுங்க" என்றாய்.

அரியலூரிலும் பெரம்பலூரிலும் பஸ்ஸைத் தவறவிட்டு வேப்பந்தட்டைக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர நமக்கு ஒரு பகல் ஆனது. அவன் கடல் தாண்டி வர ஒரு ராத்திரி போதும். பெற்ற பிள்ளை இருக்க, உனக்கு நான் கொள்ளி வைத்தேன்.

நேற்றுப் பேசினான். உன் முதல் தெவசத்துக்கு வருகிறானாம். "மூணு நாள் பிரயாணம்ப்பா, ஒடம்பே போயிடும்" என்றான்.

"பாத்து வாப்பா, கால் வீங்கிடும். ஒங்கம்மா அதைச் சொல்லிக்கிட்டேதான் செத்தா" என்றேன்.

"வச்சிடறேம்ப்பா" என்று அவசரமாக வைத்துவிட்டான். நன்றாக இருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை.

நீ இருந்தால் தடுத்திருப்பாய், இல்லையா? அதனால்தான் உன்னிடம் கேட்காமலே முடிவு செய்துவிட்டேன். பலகையில் இருந்ததை அப்படியே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உனக்கு இலை போட்டு, பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, "நான் படிக்கக் கத்துக்கிட்டேன், கேளுங்க" என்று எழுந்து நிற்பேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது. ஒவ்வொரு எழுத்துக்கும் அவன் எல்லார் முன்னாலும் நிற்கட்டும். பாதியில் அவன் அழுதாலும் நிறுத்தமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தெரிந்த உன் அத்தை மகன்,
ராமசாமி