அம்பாசடர் இடது பக்கம் இழுக்கிறது

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஒரகடம் ரோட்டு லாரிப் புழுதி முழுக்க எங்கள் கடையின் வீல் அலைன்மென்ட் மிஷின் மேல்தான். துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது.

கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேன்பவர் கான்ட்ராக்டரின் பழைய அம்பாசடர் வந்தது. போன வருஷம் எங்கள் பேட்ச் மொத்தத்தையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் கம்பெனியை விட்டு வெளியே அனுப்பிய அதே ஆள். என் முகம் ஞாபகம் இல்லை. எங்களை எப்போது பார்த்தார், ஞாபகம் வர.

புது பெயின்ட், லெதர் சீட், ஏதோ சின்னக் காரிலிருந்து கழற்றிப் பொருத்திய பவர் ஸ்டீயரிங். முன் சக்கரங்களை நேராக்க இரண்டு பக்க ஸ்டீயரிங் ராடுகளையும் சமமாகத் திருக வேண்டும். இடது ராடு இறுகிக் கிடந்தது. சூடு வைத்து எடுக்க சாயங்காலம் ஆகும் என்றேன்.

"ராகு காலத்துக்கு முன்ன வல்லக்கோட்டைல பூஜ போட்டாவணும்," கான்ட்ராக்டர்.

கடை முதலாளி குமார் அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு வலது ராடை மட்டும் திருகினார். மிஷின் திரையில் எல்லாம் பச்சை, சக்கரம் நேர் என்று. ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணல். அதைக் கழற்றி நேராக மாட்டிவிட்டார். தீர்ந்தது வேலை.

"ரெண்டு ராடும் சமமா இல்லன்னா மேடு பள்ளத்துல இடது பக்கம் இழுக்கும்ணா."

"கோயில் வரைக்கும் போவுமில்ல? மூடிகினு வேலையப் பாரு."

டிரைவர் பழனி அண்ணன் டயருக்கு வைக்க எலுமிச்சம்பழப் பையோடு நின்றார். குன்றத்தூர்க்காரர். கான்ட்ராக்டரின் அப்பா காலத்திலிருந்து இந்த வண்டிதான். வேகத்தடையில் பார்த்துப் போகச் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

மழை வருகிற மாதிரி இருட்டி, வரவில்லை. தயிர்சாதம் புளிப்பு.

பழனி அண்ணன் வந்தார், நடந்து. நேற்று பூஜை முடிந்து திரும்பும்போது பென்னலூர் வேகத்தடையில் இழுத்து, ஓரத் தடுப்பில் மோதல். பம்பர் நசுங்கியது. கான்ட்ராக்டர் நடுரோட்டில் அறைந்திருக்கிறார். வேலையும் போச்சு. கன்னம் இன்னும் தடித்திருந்தது.

"குடிச்சிட்டு ஓட்னன்றாரு தம்பி. எங்க வூட்டுக்குப் போன் பண்ணி, எம் பொண்ணு காதுல வுழ அதையே சொல்லிகிறாரு. வண்டி மேலதான் தப்புன்னு நீ ஒரு வார்த்த சொல்லு."

சொல்கிறேன் என்றேன். குமார் அண்ணன் காதில் விழுந்துவிட்டது.

"தாராளமா சொல்லு. சொல்லிட்டு உன் பைய எட்த்துகினு அப்டியே போய்டு."

பஸ்ஸில் சீட் இல்லை. ஷிப்ட் முடிந்த பசங்கள் நின்றபடியே தூக்கம்.

ஜூன் 12, வியாழன்

பம்பர் வேலைக்கு வண்டி வந்தது. பின்னாலேயே கான்ட்ராக்டர். சொன்னேன். ராடு, ஸ்டீயரிங் வீல், எல்லாம். குமார் அண்ணன் முகத்தில் ரத்தமில்லை.

கான்ட்ராக்டர் சிரித்தார். "தெரியும்டா. நானும் வண்டிக்குள்ளதான இருந்தேன்."

"அப்புறம் ஏன் சார் அவர..."

"பி.எஃப். கேட்டான். யூனியன் ஆளக் கூட்டிகினு வரேன்றான். எப்டி அனுப்பறதுன்னு பாத்துகினு இருந்தேன். உன் முதலாளி புண்ணியம்."

குமார் அண்ணனுக்கு உயிர் வந்தது. அவரும் சிரித்தார். பிறகு என் பையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார்.

கான்ட்ராக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லைசென்ஸ் கீதா?"

இருக்கிறது என்றேன். யோசித்துச் சொன்னதாக எழுத ஆசை. யோசிக்கவில்லை.

பழனி அண்ணனிடமிருந்து அழைப்பு. எடுக்கவில்லை. மறுபடியும். சைலன்டில் போட்டேன்.

ஜூன் 14, சனி

வெயில். டிரைவரின் வெள்ளை யூனிபார்ம், பழனி அண்ணன் அளவுக்குத் தைத்தது. தோள் தொங்குகிறது. துவைத்தும் அக்குளில் அவர் வேர்வை வாசனை.

ராடை யாரும் தொடவில்லை. சரிபண்ணலாமா சார் என்றதற்கு, "பாத்துக்கலாம்."

பென்னலூர் வேகத்தடை. இழுத்தது. பிடித்துவிட்டேன், சாருக்குத் தலை மட்டும் கண்ணாடியில் லேசாக இடித்தது.

பின்சீட்டிலிருந்து நிதானமாக: "இன்னாடா, நீயும் குடிச்சிகிறியா?"

"சாரி சார்."