முதலில் கை நீட்டியவளுக்கு

வெள்ளவத்தை.

அன்புத் தங்கச்சி குப்பாயிக்கு,

அண்ணன் பழனிமுத்து சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு நேசமலர் எழுதுகிறாள். ஃபோனில் நான் பேசுவது உன் காதுக்கு எட்டுவதில்லை. அடுத்த காம்பரா வீட்டு துஷ்யந்தி இதை உரக்க வாசிக்கட்டும். நாங்கள் சுகம். விடியக்காலையில் கடலும் ரயிலும் சேர்ந்து இரைவது, தேயிலைத் தோட்டத்து லயத்துத் தகரக் கூரையில் மழை விழுவது மாதிரியே இருக்கிறது.

நேற்று டாக்டருக்குப் படித்த அந்தப் பொம்பளைப் பிள்ளை டில்ஷானி என்னைத் தேடி வந்தார். ஆராய்ச்சிக்கு ரத்தம் வேண்டும் என்று உங்கள் கோயில் வாசலில் கூட்டம் போட்டவர்தான். எல்லாரும் தயங்க நீதான் முதலில் கை நீட்டினாயாம். இப்போது ரத்தம் சோதித்த பதில் வந்தும், அவரவருக்குத் தனியாகத்தான் சொல்வோம் என்றதற்கு, கூட்டத்தில் வாங்கியதைக் கூட்டத்திலேயே சொல்லுங்கள், ஒளிக்க என்ன இருக்கிறது என்று நீ மறித்துவிட்டாயாம். உன்னைப் பார்த்து ஒருத்தியும் பதில் கேட்கப் போகவில்லையாம்.

உனக்கு என்ன என்று கேட்டேன். நீ சம்மதிக்காமல் அண்ணனுக்கும் சொல்ல ஏலாது என்றார். ஊற்றிக் கொடுத்த பிளேன்டீ அவர் கையிலேயே ஆறிப்போனது.

உன் சந்தேகம் எனக்குத் தெரியும். நாம் சின்னதில், ஜீப்பில் வந்து அப்பாவின் விரலைக் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிப் போனவர்கள் பதிலோடு திரும்பவேயில்லை. ஜீப் சத்தம் கேட்டால் நீ சிவப்புப் பாவாடையோடு ரோட்டுக்கு ஓடுவாய். அப்பா செத்துப்போன பிறகும் ஓடினாய். இந்தப் பிள்ளை திரும்பி வந்திருக்கிறது, குப்பாயி.

உன் ரத்தம் பாமன்கடைப் பக்கம் ஒரு கட்டடத்தில் குளிரில் இருக்கிறதாம். விடியப்புறம் கனவு கண்டேன். சின்னச் சின்னப் போத்தல்கள் மலையிலிருந்து ரயிலில் வருகின்றன. ஒன்றோடொன்று இடித்து லயத்துப் பெண்களெல்லாம் கதைத்துச் சிரிக்கிறார்கள். உன் போத்தல் மட்டும் ஜன்னலோரம், பேசாமல். எழுந்து அந்தக் கட்டடத்துக்கு நடந்தேன். யாரைப் பார்க்க வந்தாய் என்று காவல்காரர் சிங்களத்தில் கேட்டார். தங்கச்சியை என்றேன். அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லையே சீயா என்று, தன் தாத்தாவுக்குப் போல உட்கார ஒரு கதிரை போட்டார். வெயில் ஏறும்வரை உன்னோடு இருந்தேன்.

பதில் கேட்க எல்லாரும் ஒன்றாகவே அந்தப் பிள்ளையிடம் போங்கள். வாசலில் உட்காருங்கள். உள்ளே மட்டும் ஒவ்வொருத்தியாக. முதலில் நீ போ. என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். பதில் எதுவானாலும் இரண்டு சேலையை மடித்து வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடு. கடல்பக்க ஜன்னலடியில் உனக்குப் பாய் விரித்திருக்கிறது. கோட்டை ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

நம் கோயில் மாரியம்மா உன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்.

உன் அண்ணன்
பழனிமுத்து

கீழே இருப்பது என் பெருவிரல்.