இரட்டிப்பு வரும் வரை

மே 4, ஞாயிறு

போர்ச்சுகலில் இன்றைக்கே அன்னையர் தினமாம். இங்கே பிரேசிலில் அடுத்த ஞாயிறுதான். மகள் ஜுசாரா அங்கே பிராகாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. காலைக் காட்டு என்றேன். "என்னம்மா, போலீஸ் மாதிரி" என்று சிரித்துக்கொண்டே போனைத் திருப்பினாள். கணுக்கால் எலும்பே தெரியவில்லை.

கடையில் நாள் முழுக்க நின்றதால் அப்படியாம். இருக்கலாம். என் அக்கா ஒடெச்சியும் அதைத்தான் சொன்னாள். இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் ஏறி அவள் போனாள், பிள்ளையும் போனது. அந்தக் கால்களை நான் மறக்கவில்லை. வீட்டுக்காரர் அடெமிரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவரும் தூங்க மாட்டார்.

ஜூன் கடைசியில் பிரசவம். நான் அங்கே இருந்தாக வேண்டும்.

மே 9, வெள்ளி

எங்கள் கிளினிக் ஆட்கள் எல்லோரும் மூலைக்கடையில் பீர் குடித்தோம். வழக்கம்போல மொத்த பில்லையும் என் கார்டில் தேய்த்தேன். அவரவர் பங்குப் பணத்தை அங்கேயே போனில் பிக்ஸ் வழியாக எனக்கு அனுப்பிவிட்டார்கள். பல் டாக்டருக்கு உதவியாக இருக்கிற ஜிஸ்லேன் சும்மா இருப்பாளா? "குடிக்கிறது நாம, பறக்கிறது நெய்வாக்கா" என்றாள். "இன்னொரு தட்டு பொரிச்ச மரவள்ளி சொல்லுங்கப்பா, அக்காவுக்கு இன்னும் ஒரு இறகு முளைக்கட்டும்."

சிரித்துக்கொண்டேன். பொய் இல்லையே. சர்ச் விழாவுக்குக் கோழி, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின், மச்சினருடைய டயர் எல்லாமே மூன்று வருடமாக என் கார்டில்தான். தேய்க்கிற காசுக்கு பேங்க் தருகிற பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட். ஒரு பாயிண்ட் உதிர விட்டதில்லை. இப்போது பேங்கில் இருக்கிற பாயிண்டை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் போக மட்டும்தான் டிக்கெட் காணும். மாதக் கடைசியில் கம்பெனிக்காரன் இரட்டிப்புச் சலுகை விடுவான். அப்போது மாற்றினால் போய்த் திரும்பவும் வரலாம். விவரம் தெரிந்த எவளும் இப்போது மாற்ற மாட்டாள்.

மே 13, செவ்வாய்

ஜுசாராவுக்குப் பிரஷர் கூடுதல் என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம். உப்பைக் குறை, படுத்தே இரு.

அடெமிர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ கிளம்பு நெய்வா. நாளைக்கே கிளம்பு."

"ரெண்டு வாரம் பொறுங்க. இரட்டிப்பு வந்துரும்."

"வரலைன்னா?"

நான் பீன்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தேன். வராமல் இருக்குமா? போன வருடம் மே மாதம் வந்ததே.

மே 20, செவ்வாய்

இன்னும் வரவில்லை. போன் சிணுங்கினாலே ஓடிப்போய் எடுக்கிறேன்.

மே 23, வெள்ளி

கனவில் ஒடெச்சி. வாசலில் செருப்பு மாட்டப் பார்க்கிறாள், கால் நுழையவே இல்லை. எழுந்து காபி போட்டேன், அடுப்பெல்லாம் கொட்டிவிட்டேன். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறேன்? இன்றைக்கே மாற்றிவிடலாமா? ஆனால் மூன்று வருடம் எறும்பு மாதிரி சேர்த்தது. இன்னும் நாலைந்து நாள்தானே.

மே 27, செவ்வாய்

வந்தது. காலையிலேயே. நூற்றுக்கு நூறு.

கிளினிக்கில் என் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பேங்க் ஆப்பைத் திறந்தேன். அதே நேரம் மருமகன் எட்வானிடமிருந்து செய்தி: ஜுசாராவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம், கண் மங்கலாகத் தெரிகிறதாம். வேறெதையும் பார்க்கவில்லை. எல்லா பாயிண்டையும் மாற்றினேன். உறுதி செய்யவா என்று கேட்டது. செய்தேன்.

அப்புறம்தான் கம்பெனியின் சலுகைப் பக்கத்தில் அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. "கலந்துகொள்கிறேன்." முதலில் அதை அழுத்தணும். அதுக்கப்புறம் மாத்தினாத்தான் இரட்டிப்பு. ஊருக்கெல்லாம் இந்தப் பாடத்தை எடுத்தவளே நான்தான். அழுத்தலையே. ஐயோ, நான் அழுத்தலையே.

மே 28, புதன்

விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பையன் மரியாதையானவன்.

"உங்க பேர்ல பதிவே இல்லைங்க மேடம்."

"மாத்தின கையோட அழுத்திட்டேனே தம்பி."

"மாத்துறதுக்கு முன்னாடி அழுத்தியிருக்கணும்ங்க."

"என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா."

"சீக்கிரம் குணமாகட்டும் மேடம். வேற ஏதாச்சும் உதவி வேணுமா?" என்றான். அழுதுவிட்டேன்.

பேங்குக்குத் திருப்பவும் முடியாதாம். இருந்ததை வைத்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போக மட்டும் டிக்கெட் போட்டேன். கடைசி வரிசை, கழிப்பறைக்குப் பக்கத்தில். அடெமிர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மே 29, வியாழன்

ஜிஸ்லேன் என் முகத்தைப் பார்த்ததும் மருந்து அறைக்குள் இழுத்துப் போனாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"திரும்பி வர டிக்கெட் இல்லாமயா போறீங்க? லிஸ்பன் ஏர்போர்ட்ல கேப்பாங்கக்கா. என் சித்தி பொண்ணை அப்படித்தான் உள்ளயே விடலை. அடுத்த பிளைட்லயே ஏத்தி விட்டுட்டாங்க."

இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியே பஞ்சுப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கடல் தாண்டிப் போய் வாசலோடு திரும்புவதா? காசு கொடுத்து வாங்கலாம் என்றால் அடெமிரின் வேன் பட்டறையில் கிடக்கிறது, ரெண்டு மாதமாக ஓட்டமே இல்லை.

"அழாதீங்க. என் கார்டுலயும் ஏதாச்சும் கிடக்கும், பாருங்க" என்று போனை நீட்டினாள்.

பார்த்தேன். வருடக்கணக்கில் தொட்டதே இல்லை. பாதி காலாவதியாகிப் போய்விட்டது, மீதி ஜூன் பாதியோடு போகப் போகிறது. "அடிப்பாவி! இதை வெச்சுக்கிட்டா என்னை அத்தனை கிண்டல் பண்ணினே?"

"எனக்கென்னக்கா தெரியும்? கார்டுன்னா தேய்க்கிறது. மாசக் கடைசியில அழுறது. அவ்வளவுதான்."

சலுகை இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது. முதலில் "கலந்துகொள்கிறேன்." அழுத்தினேன். பதிவானது என்று வந்தது. படம் பிடித்தேன். மறுபடி திறந்து பார்த்தேன். அவளையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "அக்கா, இது பொத்தான், வெடிகுண்டு இல்லை" என்றாள். அவள் விரலைப் பிடித்துத்தான் மாற்றினேன்.

மே 31, சனி

ஜிஸ்லேனின் பாயிண்ட் இரட்டிப்பாகி வந்துவிட்டது. ஆகஸ்டில் திரும்பி வர என் பெயருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டாள். "இனி உங்க இறகு என்னோடது" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள்.

நேற்று மத்தியானத்திலிருந்து ஜுசாரா பேசவில்லை.

ஜூன் 1, ஞாயிறு, விமானத்தில்

கதவு மூடுவதற்குச் சற்று முன்னால் எட்வான் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. "அத்தை, குழந்தையை இப்பவே எடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க." போனை அணைக்கச் சொன்னார்கள். இனி இறங்குகிற வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

அடெமிர் சொன்ன அன்றைக்கே கிளம்பியிருந்தால் இந்நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். திரும்பி வருவதைப் பிறகு பார்த்திருக்கலாம். பேராசை பெருநஷ்டம் என்பார்கள். அந்த நஷ்டம் பாயிண்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கடவுளே, வேற எதையும் எடுத்துக்காதே. ஒடெச்சி, நீயாவது அவ பக்கத்துல இரு. எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

பணிப்பெண் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கோழியா பாஸ்தாவா என்று பார்க்கவும் இல்லை.

ஜூன் 2, திங்கள்

லிஸ்பனில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "திரும்பிப் போக டிக்கெட்?" காட்டினேன். "எதுக்கு வந்திருக்கீங்க?"

"மகளைப் பார்க்க. நேத்து உள்ள கொண்டுபோனாங்க. இருக்காளா இல்லையான்னு தெரியாது. போனைப் போட விட மாட்டேங்கிறீங்க."

என்னைப் பார்த்தார். முத்திரையைக் குத்தினார். "இப்ப போடுங்கம்மா" என்றார்.

எட்வானின் செய்தி இருந்தது. பெண் குழந்தை. ரொம்பச் சின்னது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஜுசாரா இன்னும் கண் திறக்கவில்லை.

பிராகா பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து குதிக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

அப்படியேதான் இருக்கிறாள். கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தேன். வீக்கம் வடிந்த மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதா, தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

கண் திறந்தாள். நெடுநேரம் என்னையே பார்த்தாள். உதடெல்லாம் வெடித்திருக்கிறது.

"எப்படிம்மா வந்தே? எவ்வளவு பாயிண்ட் ஆச்சு?"

"எல்லாம்" என்றேன்.

"இரட்டிப்புக்கு நிக்கலையா?"

"நின்னேண்டி. நின்னிருக்கக் கூடாது."

என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள். கணுக்கால் எலும்பு தெரிகிறது. நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஜூன் 14, சனி

வெள்ளிக்கிழமை பில்லை இப்போதெல்லாம் ஜிஸ்லேன்தான் தன் கார்டில் தேய்க்கிறாளாம். எல்லோரும் அவளைக் கலாய்க்கிறார்களாம்.

இன்று குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மாவின் மார்பில் போட்டார்கள். நான் மருந்துக்கடைக்குப் போனேன். கடைப்பெண் பில் போடும்போது, "எங்க கடை பாயிண்ட் கார்டு இருக்குங்களா? இல்லைன்னா இப்பவே போட்டுத் தரேன், ஒரு நிமிஷம்தான். இதுக்கே நிறைய பாயிண்ட் வரும்" என்றாள்.

"வேண்டாம்மா, அங்க காத்துட்டிருக்காங்க" என்று பையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.