ஸ்டாண்டின் மேல் மீன்கொத்தி

என் வீட்டுக்காரிக்கு,

அக்கா வீட்டில் சௌக்கியமா? புகைப்படச் சங்கப் போட்டியில் ஒரு கூத்து நடந்தது. என் மீன்கொத்திப் படங்களோடு, அன்று நீ என் கேமராவில் எடுத்த ஒரே படமும் நான் கவனிக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் படத்தில், பறவைக்காகக் காத்திருந்த நான் வாயைப் பிளந்து தூங்குகிறேன். பக்கத்தில் காலியாக நிற்கும் கேமரா ஸ்டாண்டின் மேல் மீன்கொத்தி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது! அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கே முதல் பரிசு.

"எடுத்தது யாருங்க?" என்றார் நடுவர்.

"என் சம்சாரங்க. நான் தூங்கினவன்."

"அப்போ அவங்களே வந்து வாங்கிக்கட்டும்" என்று கோப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கேமராவைத் தொட்டதற்கா, நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகும் அளவுக்கு அன்று அப்படிக் குதித்தேன்?

வந்துவிடு; ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைத்துப்போக ஸ்டேஷனில் நிற்பேன். இனி கேமரா உன் தோளில், ஸ்டாண்ட் என் தோளில்.

உன்
குறட்டைக்காரன்