பூசைக்குப் போன கடப்பாரை

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு,

நாமகிரிப்பேட்டையிலிருந்து அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகளும் உயிரோடு இருக்கிறோம். அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கக் கரட்டு முனியப்பனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது கண்ணு. இனிமேல் வருவதெல்லாம் திட்டு, உட்கார்ந்து படி.

நாலு நாளாக நீ போன் பண்ணுகிறாய், நான் எடுக்கவில்லை. போன் நன்றாகத்தான் இருக்கிறது, அடிக்கிறது, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எடுத்தால் நீ அழுவாய், உன் மூக்கு சிவப்பதைப் பார்த்தால் நான் இளகிப்போய் சரி கண்ணு சரி கண்ணு என்று சொல்லிவிடுவேன், வைத்த பிறகு என் தலையில் நானே அடித்துக்கொள்வேன். அதனால்தான் மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போன கையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதி உன் சித்தப்பா மகன் சிவபிரகாஷின் பெண்டாட்டி இருக்கிறாளே சரிதா, அவளிடம் கொடுத்தால் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். என் வீங்கின காலைப் படம் பிடித்து அனுப்பினவளுக்கு ஒரு காகிதத்தை அனுப்பக் கசக்குமா. சரிதா, நீ இதை முதலில் படிப்பாய் என்று எனக்குத் தெரியும், நன்றாகப் படி, உனக்கும் இதில் பங்கு இருக்கிறது.

சித்திரை மாதம் அந்த வீடியோவை அனுப்பினது யார்? நான் கேட்டேனா? வெள்ளைக்காரி ஒருத்தி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டை வெட்டி, கட்டையைப் போட்டுப் படி கட்டி, ரெண்டு பக்கமும் செடி வைத்து, கடைசியில் மேலே ஏறி நின்றுகொண்டு டீ குடிக்கிறாள். அதுக்குக் கீழே அம்மா நம்ம கரட்டுக்கும் இப்படி இருந்தா எப்படி இருக்கும் என்று நீதான் எழுதியிருந்தாய், பக்கத்தில் ரெண்டு இதயம் வேறு. நானும் பார்த்தேன். அந்தப் பொம்பளைக்கு என் வயசுதான் இருக்கும், என்னை விடக் குண்டு. அவள் கட்டும்போது நான் கட்டக் கூடாதா என்று தோன்றியது. நம் அவரைப் பந்தலும் சுண்டைச் செடியும் வீட்டுக்குப் பின்னால் கரட்டு மேட்டிலேதான் இருக்கிறது, தூதுவளையும் முடக்கத்தானும் பிரண்டையும் யாரும் விதைக்காமல் தானாக மேலேதான் கிடக்கிறது. இத்தனை வருஷமாக ஆட்டுத்தடத்தில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குகிறேன், மழை பெய்தால் அந்தத் தடம் விளக்கெண்ணெய் ஊற்றின மாதிரி. உன் அப்பா லாரி ஓட்டி ஓட்டி முட்டி தேய்ந்தவர், மேலே ஏறிப் பார்த்தே ரெண்டு வருஷத்துக்கு மேலாகிறது, அங்கே என்ன காய்த்திருக்கிறது என்று என்னிடம் சினிமாக் கதை மாதிரி கேட்டுக்கொள்வார். சரி, கட்டிவிடுவோம் என்று இறங்கினேன். ஆசையைக் காட்டினது நீ சாமி, இதை மறந்துவிடாதே.

நான் ஒன்றும் விளையாட்டாகச் செய்யவில்லை. பழைய மாட்டுக்கொட்டாய் இடித்த கல் சும்மாதானே கிடந்தது, அதைக் கடப்பாரையால் நெம்பி உருட்டிக்கொண்டு வந்தேன். அடியிலிருந்து ஆரம்பித்தேன். கீழ்க் கல்லின் முதுகில் மேல் கல் உட்காருகிற மாதிரி வைத்து, சந்தில் சல்லியைப் போட்டு இடித்து, ஓரத்தில் கிளுவைக் குச்சியை நெருக்கமாக நட்டு, வெளிப்பக்கம் மண் சரியாமல் இருக்கக் கற்றாழை வைத்தேன். பாதி மேடு வரைக்கும் கல் பதித்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் உன் அப்பாவுக்கு ஞானம் பிறந்தது. ஆவணியில் ஒரு மழை பெய்து மண் இளகியிருந்தது, ஈரத்தோட மீதியையும் வெட்டிப் போட்டுரு புள்ள, காஞ்சா கடப்பாரை எறங்காது என்றார். நல்ல யோசனை என்று நானும் மேல்பாதி முழுக்க வெட்டிப் போட்டேன். வெட்டி முடித்த அன்றைக்குக் கால் புரண்டு விழுந்தேன். விழுந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பிரண்டையை இடித்துப் புளியும் உப்பும் போட்டுக் காய்ச்சிப் பற்றுப் போட்டேன், கொஞ்ச நாளில் வடிந்துவிட்டது, இப்போது ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிறேன். ஆனால் வீங்கின அன்றைக்கே அதன் படம் கடல் தாண்டிப் போய்விட்டது. நீ போனில் அழுதாய், இனிமே கரட்டுப் பக்கம் போகாதே என்றாய், நான் ம்ம் என்றேன். ம்ம் என்றால் நம் ஊரில் சரி என்று அர்த்தமா? உனக்குத் தெரியாதா?

அதுக்குப் பிறகு நீ செய்த வேலை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆயுத பூசைக்கு முந்தின நாள் சிவபிரகாஷ் வீட்டுக்கு வந்தான். வாயெல்லாம் பல். பெரியம்மா, இந்த வருசம் நம்ம போர்வெல் ரிக் பட்டறையிலயே பெருசா பூச வெக்கறமுங்க, உங்கூட்டுச் சாமானத்தையும் குடுங்க, ஒண்ணா வெச்சுக் கும்பிட்டுக்கலாமுங்க என்றான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. இந்தப் பையனுக்காவது நம் நினைப்பு இருக்கிறதே என்று கண்கூடக் கலங்கிவிட்டது. கடப்பாரை, மம்முட்டி, சம்மட்டி, அரிவாள், இரும்புச் சட்டி எல்லாத்தையும் நானே புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கடப்பாரைக்கு ஒரு முழம் பூவும் சுற்றிக் கொடுத்தேன். உன் அப்பா தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். என் கடப்பாரைக்கு நானே மாலை போட்டு வழியனுப்பி வைத்திருக்கிறேன் பார்.

பூசைக்கு மறுநாள் விஜயதசமி, எடுக்கலாம் என்று போனேன். பட்டறை பூட்டு. சாவி டிரைவர்கிட்ட இருக்குதுங்க என்றான். அதுக்கு மறுநாள் போனேன், இன்னைக்கு நாள் நல்லா இல்லீங்க என்றான். அதுக்கு மறுநாள், பூசையில வெச்சத அவசரப்பட்டு எடுத்தா ஆகாதுங்க பெரியம்மா என்றான். ஏன்டா, உன் ரிக் வண்டியும்தானே அதே பூசையில் நின்றது, அது மட்டும் எப்படி ஆந்திராவில் போர் போட்டுக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன். அப்புறம்தான் உண்மை வாயிலிருந்து வந்தது. தேவிக்கா சொல்லாம தொறக்க மாட்டனுங்க, என்னயக் கொன்னு போட்டாலும் செரி என்றான். சாமி பேரைச் சொல்லி ஒரு பொம்பளையின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்குகிறீர்களே, நான் என்ன வெட்டுக் குத்தா பண்ணினேன்? வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கேட்டேன், உங்களுக்கு இது தெரியுமா என்று. டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அதை அவ்வளவு கவனமாகப் பார்த்தார். கட்டின புருஷன், தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவர்! ரெண்டு நாள் அவருக்கு ரசமே வைக்கவில்லை. ரசம் இல்லாமல் அவர் எப்படிச் சோறு தின்பார் என்று உனக்குத் தெரியும்.

சரி, ஊரில் வேறு மம்முட்டியே இல்லையா என்று மேலண்டைக் காட்டுக் கந்தவேலிடம் போனேன். மம்முட்டி புடி ஒடஞ்சு போச்சுங்க அக்கா என்றான். சொல்லும்போது அந்த மம்முட்டியையே ஊன்றிக்கொண்டு நிற்கிறான்! நானும் அதைப் பார்க்கிறேன், அவனும் பார்க்கிறான். அப்போதுதான் புரிந்தது, நீ ஒருத்தர் விடாமல் போன் பண்ணியிருக்கிறாய். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைதானே பார்க்கிறாய், போலீஸ் வேலை இல்லையே? ஆள் வைத்துச் செய்யட்டும், பணம் அனுப்புகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். மேஸ்திரியைக் கேட்டுவிட்டேன் அம்மிணி. மழ உட்டதுக்கப்புறம் வாரனுங்க என்கிறான். மழைக்காகத்தான் படியே. மழை விட்ட பிறகு வெள்ளைக்காரி மாதிரி மேலே நின்று டீ குடிக்கவா?

நான் ஏன் இத்தனை கத்துகிறேன் என்று நினைப்பாய். வெட்டாத கரடு தன் பாட்டுக்கு நிற்கும், எத்தனை ஐப்பசி பார்த்தது. கல் பதித்த கரடும் நிற்கும். வெட்டிப் போட்டுவிட்டுக் கல் வைக்காமல் விட்ட கரடுதான் நிற்காது. நீ என்னைக் காப்பாற்றுகிறேன் என்று சரியாக அந்த இடத்தில் நிறுத்தி வைத்தாய். வியாழக்கிழமை மத்தியானம் பெய்தது மழை. கல் பதித்த பாதியில் ஒரு கல் அசையவில்லை, அதை உன் அப்பாவையே சொல்லச் சொல்கிறேன். மேல்பாதியில் வெட்டின இடமெல்லாம் வாய்க்கால் ஆகி, மண்ணைக் கரைத்துக்கொண்டு நேராக ஆட்டுப்பட்டிக்குள் இறங்கியது. குட்டிகள் வயிறு வரைக்கும் செம்மண் சேற்றில் நின்றுகொண்டு கத்துகின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து உன் அறையில் கட்டியிருக்கிறேன். ஆமாம், உன் அறையில்தான், உன் கட்டில் காலில்தான். உன் ஊதா சுடிதார் துப்பட்டாவைக் கருப்பிக் குட்டி பாதி தின்றுவிட்டாள். நான் தடுக்கவில்லை.

மழை விட்டதும் பட்டியில் சேற்றை அள்ள வேண்டும், கையில் சட்டி இல்லை மம்முட்டி இல்லை. உன் அப்பா உள்ளே போய்க் குக்கர் மூடியை எடுத்துக்கொண்டு வந்தார். மடங்காத முட்டியை ஒரு பக்கம் நீட்டிப் போட்டுக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து, அந்த மூடியால் அள்ளி அள்ளிக் கொட்டினார். பாதிப் பட்டியை அள்ளின பிறகு தலை நிமிராமலே, குடுத்திருக்கக் கூடாது புள்ள என்றார். எனக்கு அதுவரைக்கும் இருந்த கோபமெல்லாம் அவர் மேலிருந்து எழுந்து முழுசாக உன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு ராத்திரி ரசம் வைத்தேன்.

இது சும்மா முகம் காட்டின மழை. இன்னும் ஐப்பசி முழுக்க இருக்கிறது, கார்த்திகை இருக்கிறது. அடுத்த தடவை மண் இறங்கினால் பட்டியோடு நிற்காது, சமையல்கட்டுச் சுவருக்கு வரும். அந்தச் சுவர் மண் சுவர் என்று உனக்குத் தெரியும், அதன் மேல் சாய்ந்துகொண்டுதானே பத்தாவதுக்குப் படித்தாய். நான் பிடிவாதக்காரிதான், ஆனால் பைத்தியம் இல்லை. பெரிய கல்லை இனி நான் தூக்க மாட்டேன், சிவபிரகாஷ் வந்து தூக்கட்டும், கடப்பாரையை ஒளித்து வைத்த பாவத்துக்கு. இடுப்பில் கயிறு கட்டி மேலே வேப்பமரத்தில் முடிந்துகொள்கிறேன். உன் அப்பா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காக்கட்டும், வேண்டுமானால் சரிதா பக்கத்தில் நின்று நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பட்டும். பத்திரமாக இரு என்று நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன். செய்யாதே என்று சொல்லத்தான் உனக்கு வயசு போதாது.

நாளைக்கு விடிந்ததும் நான் கரட்டில் ஏறப் போகிறேன், உன் அப்பா கீழே இருப்பார். முடிவு பண்ணியாகிவிட்டது. ஏறுவேனா மாட்டேனா என்பது உன் கையில் இல்லை கண்ணு. கடப்பாரையோடு ஏறுகிறேனா, வெறுங்கையோடு ஏறிக் கல்லை நகத்தால் பறிக்கிறேனா, அது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது. இதைப் படித்ததும் போன் பண்ணு. எனக்கு வேண்டாம், சிவபிரகாஷுக்குப் பண்ணு.

உனக்கு எந்தக் குறையும் வராது, வயிறும் மனசும் நிறைந்து நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் இருப்பீர்கள், திட்டினாலும் என் வாய் நல்ல வாய்தான். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, ஆட்டையாம்பட்டி முறுக்கு சரிதாவின் அண்ணன் அயர்லாந்துக்கு வரும்போது அவனிடம் கொடுத்து விடுகிறேன், மாப்பிள்ளைக்கும் ரெண்டு வை. ஒன்று மறக்காதே. போனில் சிவபிரகாஷைத் திட்டாதே, அவன் நீ சொன்னதைத்தான் செய்தான், பாவம் பயந்த பிள்ளை. அவனைத் திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா
அத்தாயி