ஞாயிற்றுக்கிழமைப் பசி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ போனில் கூப்பிட்டால் நான் பேசுவது உனக்குப் பாதிதான் புரிகிறது. மீதிப் பாதிக்கு "ம்... ம்..." என்று சமாளிக்கிறாய். எனக்கு எரிச்சல் வருகிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். நாக்கில் பாதியை வெட்டி எடுத்தவர்கள் கையை விட்டுவைத்திருக்கிறார்கள்.

போன வாரத்திலிருந்து மறுபடி டிரைவிங் ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போகிறேன். உன் மாமாவுக்கு இஷ்டமில்லை. "உடம்பு தேறட்டும், அப்புறம் ஊருக்கெல்லாம் கத்துக்கொடு" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கத்த முடியாததால் கையில் ஒரு மரக்கரண்டி. டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் இடது, இரண்டு தட்டினால் வலது. அதற்கும் மசியாதவர்களுக்கு என் காலடியில் இரண்டாவது பிரேக் இருக்கவே இருக்கிறது. இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத ஜனங்கள் இப்போது கரண்டிக்குப் பயந்து ஒழுங்காக ஓட்டுகிறார்கள்.

தாடைக்குக் கீழே இருக்கிற ஓட்டைதான் மூட மாட்டேன் என்கிறது. ரேடியேஷன் கொடுத்த இடம் அப்படித்தானாம், தைத்தாலும் ஒட்டாதாம். தண்ணீர் குடித்தால் பாதி தொண்டைக்கு, பாதி துண்டுக்கு. நாலு பேர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருக்கிறது. செத்துப்போவதைப் பற்றிக்கூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை.

இப்போது நல்ல செய்தி. உங்கள் லேபில் கண்டுபிடித்த மருந்தை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் முதலில் கொடுத்துப் பார்க்கப்போகிறார்கள். என்னைப்போலப் புண் ஆறாத பன்னிரண்டு பேர். புண்ணையும் மூடுமாம், ஒளிந்திருக்கிற கட்டியையும் கொல்லுமாம். அடுத்த மாதம் பத்தாம் தேதி முதல் மாத்திரை. "என் தம்பி கண்டுபிடிச்ச மருந்து" என்று ஒரு தாளில் எழுதி வரிசையில் இருந்த எல்லோரிடமும் காட்டினேன். பக்கத்தில் இருந்த டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சின்ன வயதில் நீ தவளையைப் பாட்டிலில் அடைத்து வைத்ததற்கு உன்னை அடித்தேன். அந்த அடியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பெருமையில் பூரித்துப்போயிருக்கும்
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ வேலைக்குப் போகிறாய் என்று படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். கரண்டி விஷயத்தை லேபில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தோம். இங்கே வெயில் பரவாயில்லை. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம் என்று சொல்.

அந்தப் பரிசோதனை பற்றி ஒன்று சொல்லவேண்டும். லேபில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்தார் அதில் சேரக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. எனக்கே இப்போதுதான் தெரிந்தது. தெரிந்தவர்களுக்குச் சாதகமாக முடிவு வந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது, பார். அதனால் உன் டாக்டரைக் கூப்பிட்டு உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். அவரும் புரிந்துகொண்டார். உனக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் விதி விதிதானே. இது முடிந்து மருந்து எல்லோருக்கும் வரும்போது முதலில் உனக்குத்தான். அதுவரை தோலை எடுத்து ஒட்டுகிற ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார். சத்தான ஆகாரம் சாப்பிடு. வேகத்தடை உள்ள தெருக்களில் பாடம் நடத்தாதே, தாடை அதிரும்.

என்றும் உன் அன்பு மறவாத
தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வரியில் சொல்லவேண்டியதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். மாமாவின் முட்டிவலியை நீ விசாரித்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

டாக்டரிடம் போனேன். "அப்படி ஒரு விதி இருக்கிறதா எனக்குத் தெரியலையேம்மா, உங்க தம்பிதான் போன்ல ரொம்பக் கெஞ்சினார்" என்றார். விதியைச் சொல்கிறவன் எதற்காகக் கெஞ்சவேண்டும்?

கண்ணாடியைப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்கிற நூறு பேரையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பூசி மெழுகாமல் எழுது. மருந்தில் என்ன கோளாறு?

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்கிறேன்.

வாயின் உள்தோல் செல்களை ஒரு தட்டில் பாய் விரித்த மாதிரி வளர்ப்போம். நடுவில் மெல்லிய முனையால் ஒரு கோடு கீறுவோம். மருந்து போட்டதும் இரண்டு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து கோட்டை மூடுகின்றனவா என்று பார்ப்போம். அதுதான் எங்களுக்குப் புண். பக்கத்துத் தட்டில் கட்டியின் செல்கள். எங்கள் மருந்தில் கோடு மூடியது, கட்டி செத்தது. திரும்பத் திரும்ப அப்படியே வந்தது.

எங்கள் லேபில் ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை மாலை எல்லாத் தட்டிலும் மருந்து கலந்த புது ஊட்டநீரை ஊற்றுவோம். "சாப்பாடு போட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவோம். சனி, ஞாயிறு யாரும் வரமாட்டோம். திங்கள் காலை படம் எடுப்போம். பெரியவர் லேபைத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, செல்கள் வளர்கிற பெட்டியில் அலாரம் அடிக்கிறது என்று காவலாளி கூப்பிட்டார். போனால் கதவு சரியாகச் சாத்தவில்லை, அவ்வளவுதான். வந்தது வந்தோம் என்று எல்லாத் தட்டுக்கும் சாப்பாட்டை மாற்றி வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் கட்டி சாகவில்லை. கொழுத்துக் கிடந்தது. மருந்து போடாத தட்டைவிட மருந்து போட்ட தட்டில் அதிகமாக வளர்ந்திருந்தது.

அப்புறம் தினமும் போய்ச் சாப்பாடு போட்டுப் பார்த்தேன், யாரிடமும் சொல்லாமல். ஒவ்வொரு முறையும் அதேதான். அக்கா, புண்ணை மூடுகிற அந்த மருந்து கட்டியையும் வளர்க்கிறது. வளர்கிற வேகத்தில் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் தட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டினியில் செத்திருக்கிறது. மருந்து கொன்றது என்று நாங்கள் எழுதிவிட்டோம். எலிகளில் கட்டி கொஞ்சம் பெரிதானதைப் புண் ஆறும்போது வருகிற வீக்கம் என்று எழுதினோம். உன் உடம்பில் சனி, ஞாயிறு கிடையாது. ரத்தம் தினமும் சாப்பாடு போடும்.

பெரியவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு மாசம் பொறுமையா மறுபடி செஞ்சு பார்ப்போம். அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதே" என்றார். "அதுக்குள்ள மாத்திரை கொடுக்க ஆரம்பிச்சிடுவாங்களே" என்றேன். "தட்டு வேற, மனுஷ உடம்பு வேற" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. பயந்துவிட்டார். நானும்தான். அன்றைக்கே உன் டாக்டருக்குப் போன் செய்தேன்.

இதை யாரிடமும் சொல்லாதே.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

இந்த முறை அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

படித்துவிட்டு வண்டியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி பள்ளத்துக்குப் போகிறது என்று உனக்குத் தெரியும். பிரேக் உன் காலடியில் இருக்கிறது. நீ என்ன செய்தாய்? என்னை மட்டும் இறக்கிவிட்டு வண்டியை ஓடவிட்டிருக்கிறாய். உள்ளே இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். பிரேக் பிடித்தால் வண்டியில் இருக்கிற எல்லோருக்கும்தான் நிற்கவேண்டும். ஒருத்திக்கு மட்டும் நிற்கிற பிரேக்கை நான் பார்த்ததில்லை.

உன் கண்ணுக்கு அவர்கள் எண்களாகத் தெரியலாம். எனக்கு அவர்களைத் தெரியும். டீச்சரம்மாவின் பேரனுக்கு அவள் முகத்தைப் பார்த்தால் பயமாம், பையன் கிட்டே வருவதில்லை. மாத்திரை ஆரம்பிக்கிற தேதியை அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் குழாயில்தான் சாப்பிடுகிறார், ஆனாலும் எங்கள் எல்லோரையும் கேலி செய்து சிரிக்க வைப்பவர் அவர்தான். உன் பேரைக் காட்டி இவர்களுக்கு நம்பிக்கை கொடுத்தவள் நான்.

டீச்சரம்மாவிடம் நானே சொல்லிப் பார்த்தேன். "உங்க பேரை எடுத்துட்டாங்கன்னு எங்களையும் பயமுறுத்தாதீங்க" என்றாள். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் பேசுவதே பாதிதான் புரியும். தட்டைக் கண்ணால் பார்த்தவன் நீ.

அதனால் ஒன்று செய்தேன். நேற்று டாக்டரிடம் போய், என் தம்பி விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று எழுதிக்காட்டி, என் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பத்தாம் தேதி காலையில் முதல் நாற்காலியில் நான் உட்காருவேன். முதல் மாத்திரையை நான்தான் விழுங்குவேன். அவர்கள் அந்த வரிசையில் நிற்கிறவரை நானும் நிற்பேன். மிரட்டுகிறேனா என்று கேட்டால், ஆமாம், மிரட்டுகிறேன்.

நீ பயப்படுகிறவன் என்று எனக்குத் தெரியும். உன்னை வளர்த்தவள் நான். ஆனால் பயந்துகொண்டே வண்டி ஓட்டக் கற்றவர்கள் எத்தனையோ பேர் உண்டு.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உன் காலில் விழுகிறேன். விளையாடாதே. அந்தக் கட்டியின் மிச்சம் உன் தாடைக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது வளர்வதை நான் என் கண்ணால் பார்த்தேன். நீ ஒருத்தியாவது

மார்ச் 28

நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தவன் "நீ ஒருத்தியாவது" என்று எழுதியதும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எழுதக் கூசியது. கிழித்துப்போடாமல் அப்படியே அனுப்புகிறேன். உன் தம்பி எப்படிப்பட்டவன் என்பதை நீ முழுதாகப் படி.

ஏப்ரல் 3

அக்கா, சொல்லிவிட்டேன்.

உங்கள் ஆஸ்பத்திரியில் பரிசோதனைகளுக்கு அனுமதி கொடுக்கிற குழுவுக்கு எழுதினேன். நேரில் வரச் சொன்னார்கள். வந்தேன், உன் முகத்தில் விழிக்கக் கூசி வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டேன். பெரியவரும் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பாடு போட்ட தட்டின் படத்தையும் தினமும் போட்ட தட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒருவர் கேட்டார், "இது தெரிஞ்சு எவ்வளவு நாளாச்சு?" என் வாயிலிருந்து உண்மை வந்தது. "அப்ப இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?" என்றார். "எங்க அக்கா பேரை மட்டும் எடுத்தேன்" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பெரியவர் வெளியே வந்ததும், "என் வாழ்க்கையையே ஒரு ஞாயித்துக்கிழமைல முடிச்சுட்டே" என்றார். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினேன். "தப்பு பண்ணினது ஞாயித்துக்கிழமை இல்ல சார். நாம யாருமே போய்ப் பார்க்காததுதான்" என்றேன். லேப் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பரிசோதனை நின்றுவிட்டது. பத்தாம் தேதி யாருக்கும் மாத்திரை கிடையாது. உனக்கும்தான்.

என் பழைய சிநேகிதி ஒருத்தி ஒரு சின்னக் கல்லூரியில் லேப் நடத்துகிறாள். கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை கொடுத்திருக்கிறாள். புண்ணை மூடி, கட்டியை வளரவிடாமல் கொல்லவும் முடியுமா என்று முதலிலிருந்து பார்க்கப்போகிறேன். முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

பத்தாம் தேதி மாத்திரை இல்லை என்று தெரிந்தும் போனேன். ஓடி ஒளிந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. பாதிப் பேர் வந்திருந்தார்கள். நீ சொன்னதை எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். என் பெயரை மட்டும் நீ எடுத்ததையும் எழுதியிருந்தேன். தபால்காரர் சத்தமாகப் படித்துக் காட்டினார், அவருக்கு வருகிற அளவு சத்தத்தில்.

நன்றி சொல்வார்கள் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பேன். ஒருவர் உன்னைத் திட்டினார், நான் எதிர்பார்க்காத வார்த்தைகளில். டீச்சரம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனவள், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "பேரனுக்கு நான் என்ன சொல்றது?" என்று கேட்டாள். அவள் கூடவே பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். வராதே என்று அவள் சொல்லவில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது சீக்கிரம் போகாது. ஆனால் அந்த அறையில் "எங்க அக்கா பேரை மட்டும் எடுத்தேன்" என்று சொன்னாய் பார், அதைப் படித்துவிட்டு அழுதேன். மாமா பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்யக் கிளம்பிவிட்டார்.

ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. நேற்று டிரைவிங் ஸ்கூலில் எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பி நிற்காமல், நிதானமாக முழு டம்ளரையும் குடித்தேன். வழிந்தது. பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். அப்புறம் கரண்டியால் ஒரு தட்டு தட்டினேன், எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அடுத்த மாதம் மறுபடி வெட்டப்போகிறார்கள். தாடை மூலையில் ஏதோ தடிப்பு தெரிகிறதாம். மாத்திரை எதுவும் விழுங்காமலே வந்தது, அதனால் நீ உடனே தலையில் கை வைத்து உட்காராதே. வெட்டி எடுப்பதில் ஒரு துண்டை உன் தொட்டியோர மேஜைக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டாக்டர் தயங்கினார். "என் சதை, என் தம்பி, உங்களுக்கு என்ன?" என்று எழுதிக்காட்டினேன். தபால்காரரும் தன்னுடையதைத் தருகிறாராம். "என்னுதுக்கு வாய் ஜாஸ்தி, பார்த்து வளர்க்கச் சொல்லுங்க" என்றார். டீச்சரம்மா சம்மதத் தாள் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வந்து சேர்ந்ததும் தட்டில் வை, கோடு கீறு, உனக்குத் தெரிந்ததை எல்லாம் செய். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமையும் போய்ச் சாப்பாடு போடு. பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு ஜெயித்தேன் என்று என் முன்னால் வந்து நிற்காதே. வயிறு நிறையத் தின்னவிட்டு, அப்புறம் கொல்.

வரிசையிலேயே நிற்கும்
அக்கா